249 கிராம் ட்ரோன்: நெல்லைச் சீமையில் எங்கே ஏற்றலாம், எங்கே ஏற்றக் கூடாது?

முக்கியப் பிரமுகர் வருகை என்றாலும் பெரிய திருவிழா என்றாலும் "ட்ரோன் பறக்கத் தடை" என்று ஓர் அறிவிப்பு வருகிறது. அதே வாரம் ஆன்லைன் கடையில் இன்னொரு அறிவிப்பு: "எடை 249 கிராம்தான், லைசென்ஸ் வேண்டாம்." இரண்டையும் படிப்பவர் குழம்புவது நியாயம். தடை அந்த ஒரு நாளுக்குத்தானா? மற்ற நாளெல்லாம் எங்கும் ஏற்றலாமா? லைசென்ஸ் வேண்டாம் என்றால் அனுமதியும் வேண்டாமா?

சுருக்கமான பதில் இது. எடை குறைவுக்காகக் கிடைக்கும் சலுகை ஓட்டுபவருக்கும் கருவிக்கும் மட்டுமே. பறக்கும் இடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. காகிதத்தில் சலுகை வாங்கித் தரும் அதே லேசான எடை, நம் ஊர் ஆடிக் காற்றில் கருவியின் பெரிய பலவீனமாக மாறுகிறது. இவை இரண்டையும் அடியிலிருந்து பார்ப்போம்.

250 கிராம் என்ற கோடு

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள். அவை எடையை வைத்து ட்ரோன்களை ஐந்தாகப் பிரிக்கின்றன.

1. நானோ: 250 கிராம் வரை.
2. மைக்ரோ: 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை.
3. ஸ்மால்: 2 கிலோவுக்கு மேல், 25 கிலோ வரை.
4. மீடியம்: 25 கிலோவுக்கு மேல், 150 கிலோ வரை.
5. லார்ஜ்: 150 கிலோவுக்கு மேல்.

கல்யாண வீடுகளில் ஹெலிகேம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் முதல் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். நானோவை ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம். மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. மைக்ரோ ட்ரோனைச் சொந்த ஆசைக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டாம். கூலிக்கு ஓட்டினால் வேண்டும். முன்பு லைசென்ஸ் என்றிருந்தது, 2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழ் ஆனது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்துத் தேறி வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், வயது 18 முதல் 65க்குள் இருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது எடைக் கணக்கில். விதி கேட்கும் எடை பெட்டியில் அச்சடித்த எடையல்ல. தரையை விட்டு எழும்பும்போது கருவியில் என்னென்ன மாட்டியிருக்கிறதோ அத்தனையும் சேர்ந்த எடை. நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். வெறும் ட்ரோன் 249 காட்டும். லென்ஸுக்கு முன்னால் ஒரு சின்ன ஃபில்டரை மாட்டினாலே கோட்டைத் தொட்டுவிடும். விரல் படாமலிருக்க இறக்கைக்குக் கூண்டு மாட்டினால் நிச்சயம் தாண்டிவிடும். கூடுதல் நேரம் பறக்கும் பெரிய பேட்டரியைப் போட்டால் சில மாடல்களில் 290 வரை போகிறது. ஆக, வீட்டை விட்டுக் கிளம்பும்போது நானோவாக இருந்தது மண்டபத்து வாசலில் மைக்ரோ ஆகிவிடுகிறது. படம் எடுப்பது கூலிக்கு என்பதால் சான்றிதழும் தேவைப்படுகிறது. "249தான் சார்" என்ற பதில் அங்கே செல்லாது.

கேமரா: மெகாபிக்சலை விட சென்சாரைப் பாருங்கள்

ட்ரோன் என்பது ஒன்றுக்குள் மூன்று கருவி. படம் பிடிக்கும் கேமரா, அதை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கிம்பல், தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்கிடும் வழிகாட்டி.

கேமராவில் விளம்பரம் சொல்வது மெகாபிக்சல். கேட்க வேண்டியது சென்சாரின் பரப்பளவு. ஒளி விழும் அந்தச் சில்லு எவ்வளவு பெரிதோ, மங்கிய வெளிச்சத்தில் படம் அவ்வளவு சுத்தமாக வரும். 1/2.3 அங்குலம் என்று போட்டிருக்கும் சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 1/1.3 அங்குலம் என்பது சுமார் 69. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. நண்பகலில் வயல்வெளியை எடுத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு ரத வீதியில் எடுத்தால் முதலாவதில் வானமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். 48 மெகாபிக்சல் என்று விற்கும் பல கருவிகள் நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. இருட்டில் அப்படிச் செய்வது நல்லதும்கூட.

இரவு வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல சீரியல் செட்டும் விளக்கும் விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கருவி வரும்போது விநாடிக்கு 30 ஃப்ரேம், ஷட்டர் 1/60 என்ற அமைப்பில் இருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கிம்பலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மூன்று அச்சிலும் மோட்டார் இருக்கிறதா? ஐயாயிரம் ரூபாய்க்குள் "4கே" என்று விற்கும் விளையாட்டு ட்ரோன்களில் கிம்பலும் இருக்காது, செயற்கைக்கோள் வழிகாட்டியும் இருக்காது. கேமரா சட்டத்தோடு ஒட்டியிருக்கும். ட்ரோன் சாயும்போதெல்லாம் அடிவானமும் சாயும். வாங்கிய அன்றே ஏமாற்றம்தான்.

அந்தரத்தில் எப்படி நிற்கிறது

கையை ரிமோட்டிலிருந்து எடுத்துவிட்டாலும் நல்ல ட்ரோன் இருந்த இடத்திலேயே நிற்கும். அதற்குப் பின்னால் ஐந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

1. சாய்வை உணரும் சென்சார், இயந்திரம் சாய்ந்தால் அந்தந்த மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும்.
2. காற்றழுத்தமானி உயரத்தைச் சொல்லும்.
3. காந்தத் திசைகாட்டி முகம் எந்தப் பக்கம் என்று சொல்லும்.
4. அடிவயிற்றில் இருக்கும் சிறு கேமரா தரையைப் பார்த்து, நகர்கிறோமா என்று கவனிக்கும்.
5. செயற்கைக்கோள் ரிசீவர் பூமியில் இடத்தைச் சொல்லும்.

ஐந்தாவதை உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை மீனவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலையையும் ஒரு கோட்டில் கொண்டுவந்து, வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடியைக் கோட்டில் கொண்டுவந்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலை விடும் பழக்கம் கடலோரத்தில் பல தலைமுறையாக உண்டு. செயற்கைக்கோள் வழிகாட்டி செய்வதும் அதன் உறவுதான். கோணத்துக்குப் பதில் தூரம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் கோள் ஒவ்வொன்றும் "இப்போது மணி இது, நான் இங்கே இருக்கிறேன்" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். மூன்று தூரம் இடத்துக்கு. ரிசீவரில் இருக்கும் சாதாரணக் கடிகாரத்தின் பிழையைச் சரிசெய்ய நான்காவது கோள். ஒரு நானோ விநாடி பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகும். அதனால்தான் கோள்களில் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள்.

இதில் நம் சீமைக்கும் பங்கு உண்டு. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் இரண்டாம் தலைமுறைக் கோள் என்விஎஸ்-01, 2023 மே 29 அன்று ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. இந்தியாவிலேயே செய்த ருபீடியம் அணுக் கடிகாரம் அதில் இருக்கிறது. அந்த ராக்கெட்டின் மேலடுக்கில் எரியும் கிரையோஜெனிக் எஞ்சினைத் தரையில் சோதித்துப் பார்ப்பது காவல்கிணறு, பணகுடி பக்கம் மலையடியில் இருக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தில்தான். புதிய கோளில், ஜிபிஎஸ் பயன்படுத்தும் எல்-1 அலைவரிசையும் சேர்த்திருப்பதால் சிறு கருவிகளுக்குள் நாவிக் வருவது எளிதாகும். இன்றைக்குச் சந்தையில் இருக்கும் சிறு ட்ரோன்கள் பலவும் இன்னும் அமெரிக்காவின் ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ போன்றவற்றை நம்பித்தான் பறக்கின்றன.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம் ஒன்று. ட்ரோன் போதுமான கோள்களைப் பிடித்த பிறகுதான் "வீடு" என்ற புள்ளியைக் குறித்துக்கொள்ளும். பேட்டரி குறைந்தாலோ ரிமோட் தொடர்பு அறுந்தாலோ அந்தப் புள்ளிக்குத்தான் திரும்பி வரும். பொண்ணு மாப்பிள்ளை காத்திருக்கிறார்கள் என்று அவசரப்பட்டு, அது குறிக்கும் முன்பே ஏற்றிவிட்டால் திரும்பி வர இடமே தெரியாமல் நிற்கும்.

காற்று: இந்தச் சீமையின் முதல் எதிரி

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று மலைத்தொடரில் முட்டி, செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வேகமெடுத்து வெளியே வருகிறது. கயத்தாறு முதல் பணகுடி, ராதாபுரம் வரை காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் அதுதான். காற்றாலைக்கு வரம், 249 கிராமுக்குச் சோதனை.

இந்த எடைக்கார ட்ரோன்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் காற்று எல்லை விநாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் அளவு. எல்லைக்குள்தானே என்று ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. ட்ரோனின் உச்ச வேகம் விநாடிக்கு 16 மீட்டர். காற்று விநாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.
2. காற்றோடு போகும்போது தரைக்கு மேல் அதன் வேகம் 26 மீட்டர். 1 கிலோமீட்டரை 38 விநாடியில் கடந்துவிடும். ஓட்டுபவருக்கு ஒரே குஷி.
3. திரும்பும்போது 16இல் 10 போக மிச்சம் 6 மீட்டர்தான். அதே 1 கிலோமீட்டருக்கு 167 விநாடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம்.
4. மேலே காற்று 14 மீட்டராக இருந்தால் மிச்சம் 2 மீட்டர். எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் மோட்டார்கள் முழு மூச்சில் ஓடும்.

பெட்டியில் போட்டிருக்கும் "30 நிமிடம்" காற்றில்லாத இடத்தில் அளந்தது. இந்தக் கணக்கில் அது பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை. அதுவும் தவிர, 1 கிலோமீட்டர் தள்ளிப் போனால் இந்தச் சிறு கருவி கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வைத்து ஓட்டுவதே முறை.

இன்னொரு கண்ணி, தானே திரும்பி வரும் வசதியில் இருக்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தினால் பல கருவிகள் முதலில் முன்பே குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, பிறகுதான் வீட்டை நோக்கித் திரும்பும். தரையை விட்டு மேலே போகப் போகக் காற்று கூடும். ஆக, காற்றில் சிக்கித் திணறும் ட்ரோனைக் காப்பாற்ற அழுத்தும் பொத்தான் அதை இன்னும் பலத்த காற்றுக்குள் கொண்டு போய் விட்டுவிடக்கூடும். ஆடி மாதத்தில் சரியான வழி வேறு: கையால் ஓட்டி, உயரத்தைக் குறைத்து, தரையை ஒட்டியே கொண்டுவருவது. கிளம்பும்போதும் முதலில் காற்றுக்கு எதிராகப் போக வேண்டும். பேட்டரி நிறைந்திருக்கும்போது கஷ்டமான பாதி முடிந்துவிடும். தீரும் நேரத்தில் காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

அதற்காகத் திரும்பும் உயரத்தை மிகவும் தாழ்த்தி வைக்கவும் கூடாது. வளர்ந்த பனை 30 மீட்டர் வரை நிற்கும். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் 20 மீட்டர் என்று குறித்துவிட்டு ஏற்றினால் வடலிகளைத் தாண்டும், பெரிய பனைகளில் மோதும்.

தண்ணீரும் கம்பியும்

குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுக்கு மேலிருந்து எடுக்க ஆசைப்படாத போட்டோகிராபர் திருநெல்வேலியில் குறைவு. மணலில் வைத்து ஏற்றும்வரை எல்லாம் சரி. நீருக்கு மேலே தாழப் போனதும் அடிவயிற்றுக் கேமராவுக்குக் கீழே ஓடும் தண்ணீர் தெரியும். நகர்வது தண்ணீரா தானா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. கோள்களின் பிடி அந்த நேரம் பலவீனமாக இருந்தால் ட்ரோன் ஓட்டத்தோடு மெல்ல நழுவிப் போகும். ஆற்றுக்கு மேல் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து.

மொட்டை மாடியிலிருந்தோ கார் பானட்டிலிருந்தோ ஏற்றினால் வேறொரு சிக்கல். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் வண்டியின் இரும்பும் திசைகாட்டியைக் குழப்பிவிடும். வட்டமடித்துக்கொண்டே விலகிப் போகும் ட்ரோன்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். திறந்த மண்தரையிலிருந்து ஏற்றுவது நல்லது.

சிவப்பு, மஞ்சள், பச்சை

விதிகள் வானத்தை மூன்று நிறமாகப் பிரித்திருக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

1. பச்சை: 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் இந்த உயரம் 200 அடியாகக் குறையும்.
2. மஞ்சள்: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும்.
3. சிவப்பு: மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது.

மாநில அரசும் காவல்துறையும் ஓர் இடத்தைக் குறுகிய காலத்துக்குத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். விழா நாளில் வரும் "தடை" இப்படிப்பட்டது. அந்த நாளுக்கு மட்டும் உரியது. நிரந்தரச் சிவப்பு அதற்கு முன்பும் பின்பும் அப்படியே இருக்கும். இந்த நிறங்கள் எல்லா ட்ரோனுக்கும் பொது. நானோவும் விலக்கல்ல. ஏற்றுவதற்கு முன் வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம் என்று விதியே சொல்கிறது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வேறு பல மாவட்டங்களில் விமான நிலையத்தை மட்டும் கவனித்தால் போதும். நம் பக்கம் அப்படியில்லை. கிழக்கே வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையம். 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள். தெற்கே கடலோரம் கூடங்குளம் அணுமின் நிலையம். அதற்கு மேற்கே மலையடியில் மகேந்திரகிரி. நடுவில் விஜயநாராயணத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்பு கொள்ளும் கடற்படைத் தளமான ஐஎன்எஸ் கட்டபொம்மன். குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நாங்குநேரிக்குத் தெற்கே எந்த ஊரில் ஏற்றினாலும் இவற்றில் ஒன்று பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். "அணுமின் நிலையம் ரொம்பத் தூரத்தில்தானே தெரியுது" என்று கண்ணால் அளந்து முடிவு செய்வது ஆபத்து. பாதுகாப்புத் துறை தொடர்பான இடத்தில் மாட்டிக்கொண்டால் விஷயம் ட்ரோன் விதியின் அபராதத்தோடு முடியாது.

ட்ரோனின் செயலியே தடுத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அதையும் நம்பக் கூடாது. உலகில் அதிகம் விற்கும் டிஜேஐ நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, வெறும் எச்சரிக்கையாக மாற்றிக்கொண்டது. செயலி பறக்கவிட்டால் சட்டமும் பறக்கவிட்டதாக அர்த்தமில்லை.

கடையில் வாங்கும்போது

வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. முழுதாகக் கொண்டுவருவதும், பிரித்துக் கொண்டுவந்து மாட்டுவதும் கூடாது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. எனவே புத்தம் புது வெளிநாட்டு மாடலை ஒருவர் நீட்டினால் முறையான பில்லைக் கேளுங்கள். பில் இல்லாத கருவிக்கு வாரண்டியும் கிடைக்காது. விசாரணை என்று வந்தால் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

படித்துறை, காடு, கூந்தன்குளம்

பச்சை மண்டலத்திலும் ஏற்றக் கூடாத இடங்கள் உண்டு. தாமிரபரணிப் படித்துறைகளிலும் குற்றால அருவிகளிலும் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். "இயற்கைக் காட்சிதான் எடுத்தேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடக் கூடாது. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். கையில் பிடித்த கேமராவில் எடுத்தாலும் ட்ரோனில் எடுத்தாலும் ஒன்றுதான். குளிக்கும் நேரத்தில் தலைக்கு மேல் அந்த ரீங்காரம் கேட்டாலே போதும், நிம்மதி போய்விடும். படம் எடுக்காவிட்டாலும் அது அத்துமீறல்தான்.

பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலைப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988 முதல் காப்பகமாக இருக்கிறது. அங்கே நுழையவும் படமெடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். நானோ என்று சொல்லி ட்ரோனை ஏற்ற முடியாது.

கூந்தன்குளம் இன்னும் நெருக்கமான கதை. நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் இந்தக் குளம் 1994இல் பறவைகள் சரணாலயமானது. பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும். அவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. கூடுகளுக்கு மேலே ட்ரோன் வந்தால் தாய்ப்பறவைக்கு அது பருந்து. சட்டென்று எழும்பிப் பறந்துவிடும். கூட்டில் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். காக்கைக்கு அந்த இரண்டு நிமிடம் போதும். பறவை பார்க்க வருபவர்களுக்காகக் கரையில் ஒரு கோபுரம் இருக்கிறது. காலை வெளிச்சத்தில் அங்கிருந்து 300 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு மீன் ஊட்டுவது அலகு நுனிவரை தெரியும்.